சிறப்புரை: திரு. க. ஆழ்வாப்பிள்ளை

"ரீச்சர், என்ரை பேருக்கு மேலை இது என்ன போட்டிருக்கிறியள்?"

ஆழ்வாப்பிள்ளை அழைப்பிதழைப் பிடித்துக்கொண்டு கடை வாசலில் நின்றார். 

"சிறப்புரை எண்டு போட்டிருக்கு, அண்ணை," என்றார் உதயகலா ரீச்சர். மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கான பகல்நேர நிலையத்தின் செயலாளர் அவர்தான். "போன வருசம் பிள்ளையள் இருக்கக் கதிரை தந்திட்டு விழாவுக்கு வராமல் ஒளிச்சிட்டியள். இந்த முறை விடமாட்டம். ஒரு பத்து நிமிசம் பேசினால் காணும்."

"பத்து நிமிசமோ!"

உரும்பிராய்ச் சந்தியில் இருபத்திரண்டு வருடமாக ஹாட்வெயார் கடை நடத்துகிற மனிதர். ஒரு பூட்டுக்கு விலை பேசச் சொன்னால் அரை மணித்தியாலம் மூச்சு விடாமல் பேசுவார். ஆனால் ஒலிவாங்கி என்ற சாமானைக் கண்டால் மட்டும் நாக்கு மேலே ஒட்டிக்கொண்டுவிடும். அதற்கு ஒரு கதை உண்டு.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு விளையாட்டுப் போட்டியில் அவரை மேடையேற்றிவிட்டார்கள். "எல்லாருக்கும் வணக்கம்," என்றார். அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. முன்னால் ஐந்நூறு சனம் இவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறது. அந்தப் பதற்றத்தில், கடையில் நின்று பழகிய வாய் தன்பாட்டில் கேட்டுவிட்டது: "வேறை என்ன வேணும்?"

அன்றைக்குச் சனம் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! அதற்குப் பிறகு ஆறு மாதம், கால் கிலோ ஆணி வாங்க வந்தவன்கூட "அண்ணை, அந்தக் கேள்வியை ஒருக்கால் கேளுங்கோவன்" என்று சொல்லிவிட்டுத்தான் போனான். மனிதர் வெட்கத்தில் செத்துப் பிழைத்தார். இனி இந்தச் சென்மத்தில் மேடை இல்லை என்று அன்றே முடிவெடுத்துவிட்டார்.

"ரீச்சர், உங்களுக்குக் கோடி புண்ணியம் கிடைக்கும். பேச்சை மட்டும் விடுங்கோ. அதுக்குப் பதிலா நிலையத்துக்கு ஏதும் தேவையெண்டால் சொல்லுங்கோ."

ரீச்சர் யோசித்தார். கனநேரம் யோசிக்கவில்லை. "மழை பெய்தால் பின்பக்க வகுப்பறை ஒழுகுது…"

"நாளைக்குக் கூரைத்தகடு வரும். ஆணியும் சேர்த்து வரும். நீங்கள் போங்கோ!"

அந்த நிம்மதி நான்கு நாள் இருந்தது. ஐந்தாம் நாள் ரீச்சர் புது அழைப்பிதழோடு வந்தார்.

"கூரை போட்டுத் தந்த ஆளைச் சும்மா ஒரு மூலையிலை இருத்தலாமோ, அண்ணை? கமிற்றி ஒத்துக்கொள்ளேல்லை. உங்களைப் பிரதம விருந்தினர் ஆக்கியாச்சு."

ஆழ்வாப்பிள்ளை கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசித்தார். பிரதம விருந்தினர் உரை.

"இது எவ்வளவு நேரம்?"

"சின்ன விழாதானே. இருபது நிமிசம் போதும்."

காசு மேசையில் இருந்த மனைவி பவளராணி தலையை நிமிர்த்தினாள். "கதிரை குடுத்தீங்கள், பத்து நிமிசம். கூரை குடுத்தீங்கள், இருபது நிமிசம். பேசாமல் இருங்கோப்பா, இனியும் எதையாவது குடுத்தால் விடிய விடியப் பேசவேண்டி வரும்."

நல்ல புத்தி. ஆனால் பயந்த மனிதருக்குப் புத்தி எங்கே ஏறப்போகிறது? ரீச்சர் படியிறங்கும்போது, வாசலில் சக்கர நாற்காலி ஏறுவதற்குச் சாய்தளம் இல்லாமல் பிள்ளைகளைத் தூக்கித் தூக்கி நாரி முறியுது என்று ஒரு வார்த்தை சொன்னார். மறுநாளே சீமெந்து, கல், மேசன் எல்லாம் நிலையத்து வாசலில் நின்றன.

ரீச்சர் மனம் உருகி மூன்றாம் அழைப்பிதழோடு வந்தார்.

"சாய்தளத்தை நீங்கள்தான் நாடா வெட்டித் திறந்து வைக்கிறியள். பிறகு பொன்னாடை. பொன்னாடைக்கு ஒரு ஏற்புரை."

"அப்ப பிரதம விருந்தினர் உரை?"

"அது வேறை, அண்ணை. இது வேறை."

ரீச்சர் போனதும் ஆழ்வாப்பிள்ளை சீமெந்து மூட்டையில் குந்திவிட்டார். பார்க்கப் பாவமாக இருந்திருக்க வேண்டும். பவளராணிதான் வழி சொன்னாள். "தொண்டை கட்டிப்போச்செண்டு சொல்லுங்கோ. குரல் இல்லாத மனுசனை ஆர் பேசக் கூப்பிடப் போகினம்?"

அடுத்த நாள் கழுத்தில் துவாயைச் சுற்றிக்கொண்டு, வாய் திறக்காமல் வியாபாரம் நடந்தது. கதவுப் பிணைச்சல் கேட்டவர் தண்ணீர்க் குழாயோடு போனார். மண்வெட்டி வாங்க வந்தவரிடம் கைவிரலால் விலை சொல்லப்போய், பாதி விலைக்குக் கொடுத்தாயிற்று. "இல்லை, இல்லை" என்று கத்தவும் முடியாமல் ஆழ்வாப்பிள்ளை அவரை ஒழுங்கைவரை துரத்திக்கொண்டு ஓடினார்.

மூன்றாம் நாள் ரீச்சர் ஒரு பிளாஸ்க்கோடு வந்தார்.

"கொத்தமல்லித் தண்ணி, அண்ணை. குடியுங்கோ. நீங்கள் பேசாமல் எங்களுக்கு என்ன விழா? உங்கடை குரல் வருமட்டும் விழாவைத் தள்ளி வைக்கிறமெண்டு முடிவெடுத்தாச்சு. பிறகு ஆறுதலா ஒரு மணித்தியாலம் பேசலாம்."

"ஐயோ, வேண்டாம்!"

அந்தக் கத்தல் பஸ் தரிப்பிடம்வரை கேட்டது.

"பாத்தியளோ," என்று ரீச்சர் கைகூப்பினார். "இன்னும் ஒரு மிடறு குடிக்கேல்லை, குரல் வந்திட்டுது!"

அன்று பின்னேரமே ஆயிரம் லீற்றர் தண்ணீர்த் தாங்கி ஒன்று லாண்ட்மாஸ்ரர் உழவு இயந்திரப் பெட்டியில் ஏறி நிலையத்துக்குப் போனது. பவளராணி அதைப் பார்த்தாள். தலையில் அடித்துக்கொண்டாள்.

கடைசியில் ஆழ்வாப்பிள்ளை ஒரு களவு வேலைக்கும் துணிந்தார். அந்தப் பக்கத்து விழாக்களுக்கெல்லாம் ஒலிபெருக்கி கட்டுகிறவர் ஜெனிஸ்ரன். அவர் வயரில் சுற்றுகிற ரேப் வாங்க வந்தபோது, இவர் சீமெந்து மூட்டைகளுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார்.

"ஜெனிஸ்ரன், நிலையத்து விழாவிலை மைக் வேலை செய்யக்கூடாது. எப்பிடியாவது கெடுத்துவிடு. இந்தா, ஒரு உருளை வயர், சும்மா கொண்டு போ."

ஜெனிஸ்ரன் அவரை ஒரு மாதிரிப் பார்த்தார். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "வயர் ஒண்டும் வேண்டாம், அண்ணை. அண்டைக்கு அங்கை மைக் சத்தம் போடாது. நான் பொறுப்பு."

"ஆணையா?"

"ஆணை!"

இருந்தாலும் வயரை அவர் கையில் திணித்துவிட்டுத்தான் ஆழ்வாப்பிள்ளை மூச்சு விட்டார்.

விழா நாள் வந்தது. வெள்ளை வேட்டி, வியர்த்த நெஞ்சு, முன்வரிசைக் கதிரை. அது அவரே கொடுத்த கதிரைதான். வெளியே மழை கொட்டியது, உள்ளே ஒரு சொட்டு விழவில்லை. பிள்ளைகள் மெதுவாகக் கைதட்டிப் பாடினார்கள். பொன்னாடையைக் காணோம், நாடாவையும் காணோம். ஒரு பொடிச்சி கடதாசிப் பூ ஒன்றைக் கொண்டுவந்து அவருடைய சட்டைப் பையில் செருகினாள். இந்தா கூப்பிடப் போகிறார்கள், இந்தா கூப்பிடப் போகிறார்கள் என்று இருந்தார். ஒருவரும் கூப்பிடவில்லை.

மழை விட்டதும் எல்லாரும் வாசலுக்குப் போனார்கள். ஜெனிஸ்ரனின் மகள் ஜெயனி, ஒருவரும் தள்ளாமல், தானே சக்கரத்தை உருட்டிச் சாய்தளத்தில் ஏறினாள். மேலே போய்த் திரும்பி இறங்கினாள். திரும்பவும் ஏறினாள்.

"மாமா, பாருங்கோ! மாமா, நான் தனியா!"

ஆழ்வாப்பிள்ளைக்கு இந்த முறை உண்மையாகவே தொண்டை அடைத்துப்போனது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, பக்கத்தில் நின்ற உதயகலா ரீச்சரிடம் தன்னை மறந்து கேட்டுவிட்டார்.

"ரீச்சர், வேறை என்ன வேணும்?"

ஒருவரும் சிரிக்கவில்லை. ரீச்சர் நிலையத்துத் தேவைகள் எழுதி வைத்திருந்த பைலைத் திறந்தார்.

அவர் பக்கம் புரட்டுகிற நேரத்தில் ஆழ்வாப்பிள்ளை மெல்ல நழுவிப்போய், ஜெனிஸ்ரனின் கையை இறுக்கிப் பிடித்தார்.

"நீ என்ரை மானத்தைக் காப்பாத்திப்போட்டாய், தம்பி. நல்லவேளை மைக்கைக் கெடுத்தாய்!"

"நான் எங்கை, அண்ணை, கெடுத்தனான்? இரைச்சல் பிள்ளையளுக்கு ஒத்துவராதெண்டு, இந்த நிலையம் தொடங்கின நாளிலையிருந்து இஞ்சை மைக்கும் இல்லை, பேச்சும் இல்லை."