சிக்னல் கிளப் வரலாற்றின் இருபத்துமூன்றாம் பக்கம்

செக்கொண்டி
14 ஆகஸ்ட் 2018

மதிப்புக்குரிய மச்சான் குவாமெனா அர்ஹின் அவர்களுக்கு, உங்கள் தங்கை அராபாவின் வீட்டுக்காரன் எபோ எசுமான் எழுதுவது. என் இடது முழங்கால் ஒன்றைத் தவிர இங்கே எல்லாரும் சுகம். குமாசியில் நீங்களும் அக்காவும் பேரப்பிள்ளைகளும் சுகமாக இருக்கக் கடவுள் பார்த்துக்கொள்ளட்டும். போனில் பேசியிருக்கலாமே என்று நினைப்பீர்கள். போனில் உங்கள் குரல் கேட்கும். கேட்டால் மழை பெய்கிறதா என்று விசாரித்துவிட்டு வைத்துவிடுவேன். அதனால்தான் கடிதம்.

நம் சிக்னல் கால்பந்துக் கிளப்புக்கு அடுத்த மாதம் எழுபது வயது. ரயில்வே சிக்னல்காரர்கள் பதினொரு பேர் சேர்ந்து, சிவப்பும் கறுப்புமாகச் சட்டை தைத்துப் போட்டுக்கொண்டு ஆரம்பித்த கிளப்பின் வரலாற்றை அறுபத்துநாலு பக்கத்தில் எழுதும் பொறுப்பு, பழைய செயலாளன் என்பதால் என் தலையில் விழுந்தது. எழுத உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, சாதனைகள் மூன்று பக்கத்தில் முடிந்துவிடுகின்றன. மாகாண லீக்கை மூன்று தடவை வென்றோம், அது ஒரு வரி. முதல் பிரிவுக்கு ஏறினோம், அடுத்த வருடமே இறங்கினோம், அதை “முதல் பிரிவில் அனுபவம் பெற்ற கிளப்” என்று எழுதிவிட்டேன். 1961இல் கப்பல் மாலுமிகள் அணியை ஏழுக்குப் பூஜ்யம் என்று வென்றதை முழுப் பக்கத்துக்கு நீட்டினேன், அவர்கள் அன்று காலைதான் கரையிறங்கினார்கள், அவர்களுக்கு இன்னும் தரை ஆடிக்கொண்டிருந்தது என்பதை மட்டும் விட்டுவிட்டேன். 1973 அரையிறுதியில் வெற்றிக் கோலை அடித்தது நான்தான் என்று நான்கு கிழவர்கள் தனித்தனியாக வீட்டுக்கு வந்து கென்கேயும் பொரித்த மீனும் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். நாலாமவர் அன்றைக்கு எதிரணியில் ஆடியவர். விசாரித்ததில் அவர் சொல்வதுதான் உண்மை.

இப்படியே இருபத்திரண்டு பக்கம் வந்துவிட்டது. இருபத்துமூன்றாம் பக்கம் 1978 குமாசி இறுதிப்போட்டி. மச்சான், அங்கேதான் பேனா நின்றது.

நாம் தோற்றதற்கு நடுவரின் சதிதான் காரணம் என்று மாகாணம் முழுக்கச் சொல்லிவைத்திருக்கிறோம். நம் ஊருக்குள் சொல்வது வேறு. நான் எழுதியதை உங்களுக்குச் சொல்கிறேன். அணிக்கு மந்திரம் பார்க்கும் மருந்துக்காரர் சொன்னார், “வாசல் வழியாப் போனீங்கன்னா ஆட்டம் அங்கேயே முடிஞ்சுது. எதிராளி வாசல்ல எதையாவது பொதைச்சிருப்பான். கிழக்குச் சுவரு ஏறிக் குதிங்க.” அந்தக் காலத்தில் எந்த அணிதான் வாசல் வழியாகப் போனது? ஒழுங்காகச் சுவர் ஏறினோம். முதல் ஆளாக ஏறியவர் கேப்டனாகிய நீங்கள். உங்கள் பின்னால் பதினேழு பேர், பந்து மூட்டையுடன் கடைசியில் நான். குதித்த இடம் மைதானம் இல்லை. ஒரு பெரிய குடும்பத்தின் இழவு வீடு. பந்தல் போட்டு, முந்நூறு பேர் துக்கத்துக்குரிய சிவப்பும் கறுப்புமாகத் துணி போர்த்தி உட்கார்ந்திருந்தார்கள். நாமும் சிவப்பும் கறுப்பும். ஒலிபெருக்கிக்காரர், “கடற்கரைச் சீமையிலேருந்து ஒரு குழு துக்கத்துக்கு வந்திருக்காங்க” என்று அறிவித்துவிட்டார்.

அதன் பிறகு யாரால் திரும்பி ஓட முடியும்? நல்ல தாய் வயிற்றில் பிறந்தவன் இழவு வீட்டில் கை கொடுக்காமல் போவானா? நீங்கள் மெல்லச் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. “வலது பக்கத்துலேருந்து ஆரம்பிங்கடா. ஒருத்தரையும் விட்டுடாதீங்க.” முந்நூறு பேருக்கும் கை கொடுத்தோம். உட்கார வைத்தார்கள். பிறகு அவர்கள் எழுந்து வந்து நமக்குக் கை கொடுத்தார்கள், அதுவும் முந்நூறு. தண்ணீர் வந்தது. கடைசியில் குடும்பத்துப் பெரியவர், “இவ்வளவு தூரம் வந்திருக்கீங்க, என்ன சேதி?” என்று முறைப்படி கேட்டார். நீங்கள் எழுந்து, “ஒண்ணுமில்ல பெரியவரே, இந்தப் பக்கம் ஒரு சின்ன வேலையா வந்தோம்” என்றீர்கள். அப்போது பக்கத்து மைதானத்தில் விசில் கேட்டது. நாம் ஆடாமலே கோப்பை கை மாறியது.

முதலில் ஏறியது நீங்கள் என்பதால் சுவரைக் காட்டியதும் நீங்கள்தான் என்று ஊர் எடுத்துக்கொண்டது. உங்கள் கேப்டன் பட்டையைக் கழற்றினார்கள். மீன் சந்தையில் பெண்கள், “கேப்டனே, எங்க வீட்டு இழவுக்கு எப்ப வரீங்க?” என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தார்கள். நீங்கள் குமாசியிலேயே வேலை தேடிக்கொண்டு போனீர்கள். நாற்பது வருடமாக நம் மைதானத்தில் கால் வைக்கவில்லை.

இப்போது கேளுங்கள். சுவரைக் காட்டியது நான். முந்தின நாளே போய் மைதானத்துக் கிழக்குச் சுவரைப் பார்த்து வை என்று என்னை அனுப்பினார்கள். நான் போகவில்லை. வழியில் ஒரு சாப்பாட்டுக் கடையில் ஃபுஃபு சாப்பிட்டேன், அது நன்றாக இருந்ததால் இன்னொரு முறை சாப்பிட்டேன், பிறகு தூங்கிவிட்டேன். மறுநாள் எல்லாரும் கேட்டபோது கண்ணில் பட்ட முதல் உயரமான சுவரைக் காட்டினேன். அந்தக் களேபரத்தில் யார் காட்டியது என்று உங்களுக்கே நினைவில்லாமல் போயிருக்கும். அப்போது கிளப் தலைவர் உங்கள் அப்பா. எனக்கும் அராபாவுக்கும் கல்யாணத்துக்கு இரண்டு மாதம் இருந்தது. வாயைத் திறந்தால் பெண் கிடைக்காது. திறக்கவில்லை. வெட்கமாக இருக்கிறது மச்சான். நல்லவன் மாதிரி உங்கள் முன்னால் உட்கார்ந்த ஒவ்வொரு தடவையும் வெட்கமாகத்தான் இருந்தது.

இதை எல்லாம் என் பெயரோடு எழுதி இப்போதைய தலைவர் ஃபீஃபி யாங்காவிடம் கொடுத்தேன். படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

“இதை எடுத்துடுங்க. மழை வந்து ஆட்டம் நின்னுதுன்னு போட்டுக்கலாம்.”

“மழை வரலையே.”

“நாப்பது வருஷத்துக்கு முந்தின மழை. யாரு போயி நனைஞ்சு பாக்கப் போறாங்க?”

“பழி ஒருத்தர் மேல இருக்கு, தலைவரே.”

“பழகியிருக்கும்யா அவருக்கு.”

அந்த ஒரு வார்த்தையில்தான் முடிவு செய்தேன். பக்கம் அப்படியே அச்சுக்குப் போகிறது. விழாவில் மேடையேறி வாயாலும் சொல்லப்போகிறேன். நீங்கள் முன் வரிசையில் உட்கார வேண்டும். மன்னிக்க வேண்டாம், வந்தால் போதும்.

அக்காவுக்கு வணக்கம். பேரப்பிள்ளைகள் எலும்பு உடையாமல் பந்தாடி, பல்லாண்டு வாழட்டும்.

உங்கள் கீழ்ப்படிந்த,
எபோ

பின்குறிப்பு: ஒட்டுவதற்கு முன் இதை அராபாவிடம் படித்துக் காட்டினேன். அழுவாள் என்று நினைத்தேன். வெங்காயம் அரிவதைக்கூட நிறுத்தவில்லை.

“இது அண்ணனுக்குத் தெரியுமே” என்றாள். “குமாசிலேருந்து திரும்பின அன்னிக்கே என்கிட்ட வந்து கேட்டாரு. ‘சுவரைக் காட்டுனது உன் ஆளு. அப்பாகிட்ட சொன்னா கல்யாணம் நின்னுடும். உனக்கு இவன் வேணுமா வேணாமா?’ன்னாரு. வேணும்னேன். ‘சரி, அப்ப நான் காட்டுனதாவே இருக்கட்டும்’னுட்டுப் போயிட்டாரு.”

நாற்பது வருடமாக ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“சொல்லியிருந்தா இவ்வளவு அடக்கமான புருஷன் எனக்குக் கிடைச்சிருப்பாரா?”

ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் ஒரு கூடை சுட்ட மீன் அனுப்பினேனே மச்சான், ஏன் அனுப்புகிறேன் என்று நீங்கள் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. கூடையைத் திறக்கும்போதெல்லாம் அக்காவிடம், “செயலாளருக்கு இன்னும் உறுத்துது” என்று சொல்லிச் சிரிப்பீர்களாம், அதையும் அராபாதான் சொன்னாள். கடிதத்தைக் கிழித்துவிடலாமா என்று யோசித்தேன். கிழிக்கவில்லை, அனுப்புகிறேன். மீன் இந்த வருடமும் வரும், ஆனால் இனிமேல் அது வெறும் மீன்தான்.