கோபத்தில் வெந்த கொத்துக்கறி

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரைக்கும் இருக்கிற அத்தனை கம்பெனி பாய்லர்களையும் ஒரே இடத்தில் வரிசையாக நிறுத்திப் பற்றவைத்தாலும் கடுகு அண்ணன் அளவுக்குச் சூடாகாது. மிகைப்படுத்திச் சொல்வதாக நினைக்க வேண்டாம். அவரோடு ஒரே அறையில் குடியிருந்தவன் என்ற தகுதியில் சொல்கிறேன்.

அடையாள அட்டையில் அவருக்குப் பெற்றோர் வைத்த நல்ல பெயர் ஒன்று இருந்தது. அது கேட் செக்யூரிட்டிக்கு மட்டும்தான் தெரியும். எங்களுக்கு அவர் கடுகு. காய்ந்த எண்ணெயில் விழுந்த மாதிரி எதற்கெடுத்தாலும் வெடிப்பார் என்பதால் அந்தப் பெயர். "எவன்டா எனக்கு இந்தப் பேரு வச்சது?" என்று அவர் ஒருநாள் கேன்டீன் வாசலில் நின்று வெடித்ததும் பெயர் நிரந்தரமாகிவிட்டது. அந்தக் கம்பெனியில் எங்களுக்கு நிரந்தரமான ஒரே விஷயம் அதுதான். மற்றபடி எல்லோரும் கான்ட்ராக்ட்.

வந்தவாசிப் பக்கத்துக்காரர். கம்பெனி ஸ்டோரில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். நான் சாத்தூரிலிருந்து வந்து அசெம்பிளி லைனில் போல்ட் முடுக்கிக்கொண்டிருந்தேன். இருங்காட்டுக்கோட்டையில் ஒரு மாடி வீட்டின் பின்பக்கம் கோழிக்கூண்டு மாதிரி வரிசையாகக் கட்டிய அறைகளில் ஒன்றில் நாங்கள் இருவரும் குடியிருந்தோம்.

ஷிப்ட் பஸ் தாமதமாக வந்தால் அண்ணனுக்குக் கோபம் வரும். அது எல்லோருக்கும் வருவது. சீக்கிரம் வந்தால் அவருக்கு இன்னும் அதிகம் வரும். "நான் லேட்டுன்னு ஊருக்குக் காட்றதுக்குன்னே வர்றான் பாரு" என்பார். மழை பெய்தால் கோபம். மழை வரும் என்று சொல்லிப் பெய்யாமல் போனால், குடையைத் தரையில் குத்திக் குத்தி நடப்பார்.

அப்படிப்பட்டவர் சமைக்க ஆரம்பித்ததற்கும் ஒரு கோபம்தான் காரணம். எங்கள் கேன்டீனில் புதன்கிழமை சிக்கன் கிரேவி என்று ஒன்று ஊற்றுவார்கள். சிவப்பாக இருக்கும். அதைத் தவிர அதைப்பற்றிச் சொல்ல எதுவும் இல்லை. ஒரு புதன்கிழமை அண்ணன் பரிமாறுகிறவர் கையிலிருந்து கரண்டியைப் பிடுங்கி அண்டாவின் அடிவரைக்கும் விட்டுத் துழாவினார். பின்னால் நின்ற கூட்டம் தட்டோடு எட்டிப் பார்த்தது.

"கோழி எங்க? லீவுல கீதா?"

"கிரேவியிலயே இருக்குண்ணே. கரைஞ்சிருக்கும்."

"கரையறதுக்கு அது இன்னா சோப்பா?"

மறுநாள் எச்.ஆர். அறைக்குக் கூப்பிட்டு, ஒழுங்கீனம் என்றார்கள். கோழியை ஒளித்தவனைக் கூப்பிடவில்லை, தேடியவனைக் கூப்பிட்டார்கள். இதை எழுதும்போது எனக்கே காது சூடாகிறது என்றால் அன்றைக்கு அண்ணனுக்கு எப்படி இருந்திருக்கும். அறைக்கு வந்தவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் அறிவித்தார்: "இனிமே அந்தக் கேன்டீன்ல கைய நனைக்க மாட்டேன். நம்ம கறிய நாமளே ஆக்கித் துன்றோம்."

ஞாயிற்றுக்கிழமை காலையில் கறிக்கடைக்கு என்னையும் இழுத்துப் போனார். ஆட்டுக்கறி விலையைக் கேட்டதும், "ஏன், ஆடு இன்னா டிகிரி முடிச்சிக்கீதா?" என்று சண்டைக்குப் போய்விட்டு, எதிர்ப்பக்கம் மாட்டுக்கறிக் கடைக்கு வந்தார். அங்கே வேறு சண்டை. கடைக்காரர் கறியை மெஷினில் போடப் போனார்.

"மெஷின் வாணாம். கத்தியால கொத்திக் குடு. மெஷின்ல போட்டா பேஸ்ட்டா வரும். பல்லு வெளக்கவா வாங்கறேன்?"

அவர் சமையலுக்கு ஒரு சட்டம் உண்டு. சீக்கிரம் முடிய வேண்டும். "நேரம் இழுத்துச்சின்னா அது சமையல் இல்ல, ஓ.டி. எவன் குடுப்பான் ஓ.டி.?" துண்டுக்கறி வாங்கிக் குக்கர் முன்னால் விசிலுக்குக் காத்திருப்பவர்களைப் பார்த்தால் அவருக்குப் பிடிக்காது. கொத்திய கறி சட்டென்று வெந்துவிடும். முதல் நாளே ஊறவைத்த காராமணி குக்கரில் தனியாக வெந்துகொண்டிருக்கும்போதே வாணலியில் எண்ணெய் விட்டு, சோம்பு, பட்டை, வெங்காயம், பச்சைமிளகாய், இஞ்சி பூண்டு என்று ஒவ்வொன்றையும் திட்டித் திட்டிப் போடுவார். தக்காளி குழையவில்லை என்றால் தக்காளிக்கும் திட்டு உண்டு. அப்புறம் கறி, ஊரில் அரைத்துக் கொண்டுவந்த மிளகாய்த்தூள், உப்பு. கறியின் தண்ணீர் சுண்டி எண்ணெய் பிரிந்து வரும்போது காராமணியைக் கொட்டிக் கிளறுவார். கொஞ்சம் கறியை வைத்து நிறைய வயிற்றை நிரப்புவதற்குத்தான் காராமணி. கடைசியில் காய்ந்த மிளகாயைக் கையால் நொறுக்கித் தூவி, எலுமிச்சம்பழத்தைக் கழுத்தை நெரிப்பதுபோல் பிழிவார். பேக்கரி பன்னைப் பிய்த்துத் தொட்டுக்கொள்ள வேண்டும்.

வெங்காயம் நறுக்குவது என் வேலை. கண் கலங்கும். "இன்னாத்துக்கு அழற? நான் செத்தா அழு" என்பார்.

முதல் வாய் வைத்ததும் எனக்குப் பேச்சு வரவில்லை. காரம் ஒரு காரணம். இவ்வளவு ருசியான ஒன்றை இவ்வளவு கோபமான ஒருவர் எப்படிச் சமைத்தார் என்ற திகைப்பு இன்னொன்று.

வாசனை மாடிக்குப் போனது. வீட்டுக்கார அம்மா படியிறங்கி வந்து, முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு வாசலில் நின்றார்.

"இன்னாப்பா வாசனை இது?"

நான் முந்திக்கொண்டு, "சிக்கன்தாம்மா" என்றேன்.

அண்ணன் அந்த அம்மாவைப் பார்க்கவே இல்லை. என்னைப் பார்த்தார். "உன்ன யாரு கேட்டா? நான் துன்றத நான் சொல்றேன்." பிறகு அந்த அம்மா பக்கம் திரும்பி, "மாட்டுக்கறிம்மா" என்றார்.

"அதெல்லாம் இங்க ஆக்கக் கூடாதுப்பா. மேல பூஜை ரூம் கீது."

"ரூம் குடுக்கும்போது எந்த ஊருன்னு கேட்டீங்க. இன்னா ஆளுங்கன்னு சுத்தி வளைச்சிக் கேட்டீங்க. இன்னா துன்னுவன்னு கேக்கல. கேட்டிருந்தா அன்னிக்கே சொல்லிட்டு வேற ரூம் பாத்துக்கினு போயிருப்பேன்."

"மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணிடு."

"பண்றேன். அதுவரைக்கும் ஆக்குவேன்."

ஆனால் மாசக் கடைசி வருவதற்குள் வேறொன்று வந்தது. ஒரு சாயங்காலம் எங்கள் லைன் ஆட்கள் எல்லோருடைய போனிலும் ஒரே வாட்ஸ்அப் செய்தி. நாளை முதல் வர வேண்டாம், தேவைப்பட்டால் அழைப்போம். அவ்வளவுதான். அனுப்பியவன் பெயர்கூட அதில் இல்லை. வருடக்கணக்கில் ஒரே இடத்தில் நின்று தோள்பட்டை தேய்ந்தவனுக்கும் அதே வரி, போன வாரம் சேர்ந்தவனுக்கும் அதே வரி. ஸ்டோர் ஆட்களை மட்டும் வைத்துக்கொண்டார்கள். எங்கள் அறை வரிசையில் வேலை மிஞ்சியது கடுகு அண்ணனுக்கு மட்டும்.

கொஞ்சம் பேர் அன்றைக்கே மூட்டை கட்டி ஊருக்குப் போனார்கள். வேறு இடம் கிடைக்கும் என்று நம்பித் தங்கியவர்களில் நானும் ஒருவன். அறைகள் காலியாவதைப் பார்த்த வீட்டுக்கார அம்மா அண்ணனைக் காலி செய்யச் சொன்னதை மறந்துவிட்டார். மறந்தேன் என்று அவர் சொல்லவில்லை. அண்ணனும் ஞாபகப்படுத்தவில்லை.

காலையில் கம்பெனி கம்பெனியாகக் கேட்டில் நின்றுவிட்டு வருவேன். வேலை இல்லாதவன் அண்ணன் கையால் வாங்கித் தின்பதா என்று ஒரு வீம்பு. மதியம் ஒரு டீயும் பன்னும். அண்ணன் ஷிப்ட் முடிந்து வந்து தட்டு வைத்தால், "சாப்ட்டேண்ணே" என்பேன். கொஞ்ச நாள் விட்டார்.

ஒருநாள் கேட்டார்: "எங்க துன்ன?"

"முனை மெஸ்ல."

"எந்த முனை மெஸ்ஸு?"

"அதாண்ணே, பெட்ரோல் பங்க் பக்கத்துல."

"அது மூடி ரெண்டு வாரம் ஆவுது. லைன நிறுத்தினதும் அவனும் கடைய மூடிட்டுப் போயிட்டான்." அவர் குரல் அன்றைக்கு ஏறவில்லை. அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது. தட்டை என் முன்னால் டொக்கென்று வைத்தார். "துன்னு. பேசாத. பேசினா அறைஞ்சிடுவேன்."

நான் தின்னத் தொடங்கியதும் எழுந்து வெளியே போனார். வரிசையில் இருந்த ஒவ்வொரு கதவும் அதிரும் சத்தம் கேட்டது.

"உள்ள இன்னாடா பண்றீங்க? தூங்கினு கீறீங்களா? கறி ஆறிப்போவுது. ஆறிப்போனா எனக்குக் கோவம் வரும்."

ஒவ்வொருவனாக வந்தான். பசியோடு வருகிறவன் முகத்தில் ஒரு கூச்சம் இருக்குமே, அதற்கு இடமே கொடுக்கவில்லை அவர். "காலைத் தள்ளி வை", "தட்டு கழுவினியா", "உங்க ஊர்ல இப்படித்தான் குந்துவாங்களா" என்று ஆளுக்கொரு திட்டு. திட்டு வாங்கிய அவசரத்தில் எல்லோரும் உட்கார்ந்து தின்றுவிட்டோம். ஒரிசாக்காரப் பையன் ஒருவன் எழும்போது தப்பித் தவறி நன்றி சொல்லிவிட்டான். "நன்றியா? நான் இன்னா மேடையிலயா பேசினேன்?" என்று அவனைத் தெருமுனை வரை துரத்தினார்.

நாளாக ஆகக் கறி குறைந்து காராமணி கூடியது. ஒருநாள் தட்டைக் கிளறிக்கொண்டிருந்த எவனோ வாய்தவறி, "அண்ணே, கறியே காணோம்ணே" என்றுவிட்டான். பக்கத்தில் இருந்தவன் அவன் தொடையைக் கிள்ளினான். கேன்டீன் அண்டாவை அடிவரை துழாவிய மனிதரிடம் கேட்கிற கேள்வியா அது. அண்ணன் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார். "தேடுடா. உள்ளதான் கீது" என்றார். முதுகு குலுங்கியது. அவர் சிரித்து நாங்கள் பார்த்தது அந்த ஒருமுறைதான். அதையும் முதுகுப் பக்கமிருந்துதான் பார்த்தோம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதியம் கான்ட்ராக்டரின் ஆள் பைக்கில் வந்து இறங்கினான். எங்களிடம் யூனிஃபார்மையும் சேஃப்டி ஷூவையும் திருப்பி வாங்கிப் போக வந்திருந்தான். பாதிப் பேருக்கு அந்த ஷூவைத் தவிர வேறு செருப்பில்லை. அதைப் போட்டுக்கொண்டுதான் வேலை தேடிப் போனோம். தின்றுகொண்டிருந்தவர்கள் எச்சில் கையோடு எழுந்து ஷூவைத் தேடினார்கள்.

அண்ணன் கரண்டியோடு வாசலுக்கு வந்தார். "எவனும் எழுந்துக்காத. குந்தித் துன்னு."

"உனக்கு சம்பந்தம் இல்லாத விஷயம்பா. உனக்குத்தான் வேலை இருக்குல்ல?" என்றான் அவன்.

"வர வாணாம்னு சொல்ல ஒருத்தன் நேர்ல வரல, போன்ல அனுப்புனீங்க. காலுல கீற ஷூவ உருவறதுக்கு மட்டும் பைக் போட்டுக்கினு வர்றியா? இவங்க துன்னுக்கினு கீறாங்க. துன்றவன எழுப்பாத. போ."

"நான் போன் பண்ணா உனக்கும் நாளைக்கு வேலை இருக்காது."

"பண்ணு. என் எதுருலயே பண்ணு."

அவன் பண்ணினான். ஷூ வாங்காமல்தான் போனான், ஆனால் மறுநாள் காலை அண்ணனின் கார்டு கேட்டில் வேலை செய்யவில்லை.

முந்தின நாள் மாடிப்படியில் நின்று எல்லாவற்றையும் பார்த்திருந்த வீட்டுக்கார அம்மா அண்ணனிடம் வந்து, "அந்த ஆள இன்னும் நல்லா நாலு வார்த்த கேட்டிருக்கணும்ப்பா" என்றார்.

"அப்ப நீங்க எறங்கி வந்து கேட்டிருக்கலாமேம்மா" என்றார் அண்ணன். அந்த அம்மா உள்ளே போய், மாங்காய் ஊறுகாயை ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்து எங்கள் வாசலில் வைத்துவிட்டுப் போனார். உப்பு அதிகம் என்று அதற்கும் அண்ணன் திட்டினார். கிண்ணத்தை மட்டும் வழித்துத் தின்றார்.

அந்த வாரமே ஓசூரில் ஒரு குடோனில் வேலை கிடைத்துப் போய்விட்டார். பெங்களூர் ரோட்டில் பஸ் ஏற்றிவிடப் போனோம். இத்தனை பேர் ஏன் வந்தீர்கள், இங்கே என்ன ஊர்வலமா என்று பஸ் படியில் நின்று திட்டினார். கண்டக்டர் விசில் அடித்தும் நிறுத்தவில்லை. பஸ் போன பிறகு நாங்கள் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றோம்.

எனக்குப் பிறகு மறைமலை நகரில் வேலை கிடைத்து, இப்போது குன்றத்தூரில் குடும்பத்தோடு இருக்கிறேன். அண்ணன் எப்போதாவது போன் செய்வார். போன வாரம் நானே கூப்பிட்டேன். "எதுக்குடா போன் பண்ண? உனக்கு வேற வேலையே இல்லியா?" என்று ஆரம்பித்து, அவர் எடுத்தவுடன் பேசாமல் யோசிக்கிறேன் என்று ஒரு திட்டு, குரல் ஏன் கம்மலாக இருக்கிறது என்று ஒரு திட்டு, உடம்பைப் பார்த்துக்கொள்ளத் துப்பில்லை என்று ஒரு திட்டு. டீ ஆறிப்போய்விட்டதென்று மனைவி சைகை காட்டினாள். போனைக் காதிலிருந்து எடுக்க எனக்கு மனசு வரவில்லை.