முதுகுவலியும் எட்டு டிரான்சிஸ்டரும்

இந்த வருஷம் பிளம் கிண்டப் போவதில்லை என்று போஹுமில் வியாழக்கிழமை காலைக் காப்பிக்கு முன்பே முடிவு செய்துவிட்டார்.

கல்யாணமாகி முப்பத்தெட்டு வருஷம். ஒவ்வொரு செப்டம்பரிலும் முதல் சனிக்கிழமை, மைத்துனி யர்மிலாவின் வீட்டு முற்றத்தில் செப்புக் கொப்பரை ஏறும். ஜாமுக்கு நாற்பது கிலோ பிளம் பழம். விடிந்ததிலிருந்து ஆள் மாற்றி ஆள் கிண்ட வேண்டும். கை நின்றால் ஜாம் அடிப்பிடிக்கும். ஆள் மாற்றி ஆள் என்பது பேச்சுக்குத்தான். போஹுமில் துடுப்பைப் பிடித்துவிட்டால், மாற்ற வேண்டிய ஆட்களுக்கெல்லாம் வேறு வேலை வந்துவிடும்.

அதே சனிக்கிழமை மாலை நான்கு மணிக்குத்தான் அமெச்சூர் ரேடியோக்காரர்கள் வானலையில் யார் அதிகம் பேரைப் பிடிக்கிறார்கள் என்ற போட்டியும் தொடங்கும். போன வருஷம் கொப்பரையிலிருந்து தப்பி வருவதற்குள் ஏழரை ஆகி, போஹுமிலுக்கு மாவட்டத்தில் கடைசி இடம். கடைசிக்கு முந்தைய இடத்தைப் பிடித்தவர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தவர்.

இந்த முறை புது ஆம்ப்ளிஃபயர் கட்டியிருந்தார். அதற்கு ஒரே குணமுள்ள இரண்டு டிரான்சிஸ்டர் வேண்டும். ஒன்று சுறுசுறுப்பாகவும் மற்றது சோம்பலாகவும் இருந்தால், சுறுசுறுப்பானது சுமை முழுவதையும் இழுத்துக் கருகிப்போகும். குடும்பத்தில் நடப்பதுதான். கைவசம் எட்டு இருந்தன. அளந்து ஜோடி சேர்க்க வேண்டும்.

ஆகவே வியாழன் ஒன்பது மணிக்குப் போஹுமிலுக்கு முதுகு பிடித்துக்கொண்டது.

"எங்க வலிக்குது?" என்றாள் மனைவி லிபுஷே.

"இங்க. இல்ல, கொஞ்சம் கீழ."

"சரி, படுத்துக்க. சனிக்கிழமை நான் மட்டும் போய்க்கிறேன்."

இவ்வளவு சுலபமாகவா? ஒத்திகை பார்த்து வைத்திருந்த முனகல்களில் பாதி வீணாகிவிட்டது.

அவள் சமையலறைக்குள் போனதும் நிலவறைக்கு இறங்கினார். அங்கேதான் டிரான்சிஸ்டரை அளக்கும் டிரேசர் இருந்தது. ஊரிலிருந்த டிரான்சிஸ்டர் தொழிற்சாலையை மூடியபோது பழைய இரும்போடு வந்த முப்பது கிலோ கருவி. டிரான்சிஸ்டரைச் சொருகினால் பச்சைத் திரையில் விசிறிபோலக் கோடுகள் விரியும். இரண்டின் விசிறியும் ஒத்துப்போனால் அவை ஜோடி.

முதலாவதைச் சொருகினார். விசிறி வரவில்லை. கோடுகள் உடைந்து, சிலிர்த்த பூனைவால்போல நடுங்கின. அதே நொடியில் சமையலறை ரேடியோவில் பாண்டு வாத்தியம் நின்று, கீச்சென்று ஓர் ஊளை கிளம்பியது. காலடிச் சத்தம். போஹுமில் சுவிட்சை அணைத்து, இரண்டிரண்டு படியாகத் தாவி, போர்வைக்குள் புகுந்தார்.

"ரேடியோ கத்துது."

"பழைய ரேடியோ."

"இப்ப நின்னுடுச்சு."

"பழசுன்னா அப்படித்தான். கத்தும், நிக்கும்."

"உனக்கு ஏன் மூச்சு வாங்குது?"

"வலி."

வெள்ளிக்கிழமை ஐந்து முறை இறங்கினார். ஐந்து முறையும் ரேடியோ ஊளையிட்டது.

"எங்க போயிருந்த?"

"கக்கூசுக்கு."

"அஞ்சு தடவையா?"

"மருந்து ஒத்துக்கல."

"நான் மருந்தே தரலியே."

எட்டில் ஒன்றுகூட ஒழுங்கான கோடு போடவில்லை. எல்லாம் செத்தவை. இனிப் புதிது வாங்க நேரமில்லை. அன்று மாலை அவர் முனகியது நிஜமான முனகல்.

"ரொம்ப வலிக்குதா?"

"எட்டும் போச்சு லிபுஷே" என்றார் தன்னை மறந்து.

"எது எட்டு?"

"எலும்பு."

"முதுகுல எட்டு எலும்பா?"

"தோராயமா."

சனிக்கிழமை எட்டரைக்கு விழித்தபோது அவள் கிளம்பிப் போயிருந்தாள். கடைசியாக ஒருமுறை பார்க்கலாமென்று நிலவறைக்கு இறங்கினார். டிரேசரின் மேல்தகடு வெதுவெதுப்பாக இருந்தது. மேலே ஒரு துண்டுச்சீட்டு.

"எட்டும் நல்லவை. இந்த ரகம் சும்மா சொருகினால் தானாகவே அலையெழுப்பும். அதுதான் என் ரேடியோவில் கேட்டது. அதன் பேஸ் காலில் ஒரு ஃபெரைட் பாசிமணி கோத்தால் அடங்கிவிடும். கோத்து அளந்துவிட்டேன். மூன்றும் ஆறும் அச்சு அசல் ஒரே கோடு. அவை என் கைப்பையில் இருக்கின்றன. முதுகைப் பார்த்துக்கொள்."

அந்தத் தொழிற்சாலையின் பரிசோதனை அறையில் இதே கருவிக்கு முன்னால் இருபத்தொரு வருஷம் உட்கார்ந்தவள் லிபுஷே. போஹுமில் அங்கே சாமான் அறைக் குமாஸ்தா. அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் முதுகு குணமாகிவிடுமே என்றுதான் கேட்கவில்லை.

மற்ற ஆறும் மணி கோத்து மேஜைமேல் வரிசையாகக் கிடந்தன. அவற்றை ஏறெடுத்தும் பார்க்காமல் ஒன்பது மணி பஸ்ஸைப் பிடித்தார்.

"அத்தான் வந்துட்டாரே" என்றாள் யர்மிலா. "முதுகு எப்படி இருக்கு?"

"சரியாயிடுச்சு."

லிபுஷே துடுப்பை நீட்டினாள்.

"மூணும் ஆறும் எங்க?" என்றார் தாழ்ந்த குரலில்.

"ஜாம் கெட்டியாகட்டும், தரேன்."

"நாலு மணிக்குப் போட்டி."

"அப்ப வேகமாக் கிண்டு."

கிண்டினார். அந்த முற்றம் அப்படியொரு கிண்டலைக் கண்டதில்லை. மாற்ற வந்தவர்கள் துடுப்பை வாங்க முடியாமல், நிம்மதியாகக் கேக் தின்னப் போனார்கள். யர்மிலா இரண்டுமுறை வெளியே வந்து பார்த்துவிட்டு உள்ளே போனாள். இரண்டே முக்காலுக்குத் துடுப்பு ஜாமில் தானாக நின்றது. லிபுஷே கைப்பையிலிருந்த கைக்குட்டை முடிச்சை அவிழ்த்து இரண்டையும் கொடுத்தாள்.

திரும்பும் பஸ்ஸில் லிபுஷேயின் பக்கத்தில் உட்கார்ந்து போஹுமில் அவற்றை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தார். தோள் இரண்டும் நிஜமாகவே வலித்தன. ஆனாலும் நேரத்துக்குப் போய்விடலாம். மனம் தாராளமாகிவிட்டது.

"எட்டுல சரியா இந்த ரெண்டைப் பிடிச்சியே, உன் கண்ணே கண்ணு."

"இந்த ரெண்டு மட்டும்தான்னு நான் எழுதலியே" என்றாள் லிபுஷே, ஜன்னல் பக்கம் பார்த்தபடி. "ஒண்ணும் ஏழும்கூட ஒரே கோடுதான். மேஜை மேலேயே விட்டுட்டு வந்தேன். நீ அளந்து பாத்துடுவியோன்னு, துடுப்பை உன் கையில குடுக்கற வரைக்கும் எனக்கு உயிரே இல்ல."