கெத்தினுக்குத் துக்கம் கேட்கப் போனோம்

கர்த்தருக்குள் மிகவும் பிரியமான அண்ணன், மூப்பர் தங்ஸுவாலா அவர்களுக்கு வேல்ஸ் தேசத்திலிருந்து தம்பி லியன்ஸாமா ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. நானும் மனைவி ரெம்புயியும் மகள் மால்சோமியும் கிருபையால் சுகம். ஐஸாலில் நீங்களும் அண்ணியும் சுகமாயிருக்கவும், ஆலயக் கூரை ஒழுகாதிருக்கவும் தினமும் ஜெபிக்கிறோம்.

அண்ணே, சந்தோஷம் தாங்காமல் எழுதுகிறேன்! "அவனை அனுப்பாதீங்க, போன இடத்துல ஏதாவது பண்ணி வைப்பான்" என்று மிஷன் கமிட்டியில் நீங்கள் சொன்னதை நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. நம் மலைக்கு வேதத்தைச் சுமந்து வந்தவர்களின் தேசமாயிற்றே, ஆலயத்தில் நிற்கக்கூட இடம் இருக்காது என்று நினைத்து முதல் ஞாயிறு ஒரு மணி நேரம் முன்னாலேயே போய் உட்கார்ந்தோம். நானூறு பேர் உட்காரக்கூடிய ஆலயத்தில் ஆறு பேர், அதுவும் ஆளுக்கொரு மூலையில். சரி, ஆறு பேருக்கும் கேட்கட்டும் என்று நம் ஊர் வழக்கப்படி உரக்கப் பிரசங்கித்தேன், மேளத்தையும் அடித்தேன். ஒரு அம்மா காது மிஷினைக் கழற்றிக் கைப்பைக்குள் போட்டு மூடிவிட்டார். முடிந்ததும் மூப்பர் இத்வால், எண்பது வயதிருக்கும், தோளில் கை போட்டார்.

"தம்பி, ஆண்டவருக்குக் காது நல்லாவே கேக்கும்."

"எங்க ஊர்ல இப்படித்தான் ஐயா."

"அடிக்கிற வரைக்கும் அடிச்சுக்கோ. மாசக் கடைசியில ஓட்டுப் போட்டு இதை மூடப்போறோம். கம்பளம் விக்கிறவன் ஒருத்தன் ரெண்டு தடவை வந்து அளந்துட்டுப் போயிட்டான்."

எனக்கு உயிரே போய்விட்டது. சாகரம் தாண்டி ஊழியத்துக்கு வந்தால் ஆலயமே கடையாகப் போகிறது! மறுநாளே மூவரும் வீடு வீடாக அழைக்கக் கிளம்பினோம். முதல் வீட்டுக்காரர் எங்கள் முகத்தைப் பார்த்ததும் சீனச் சாப்பாட்டுக் கடை ஆட்கள் என்று எண்ணி, "நான் ஆர்டர் பண்ணலையே? சரி, வந்துட்டீங்க, ரெண்டு நூடுல்ஸ் வச்சிட்டுப் போங்க" என்றார். நான் விளக்கம் சொல்ல வாயைத் திறப்பதற்குள் ரெம்புயி, "அரை மணி நேரம் ஆகும், பரவாயில்லையா?" என்று கேட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து நிஜமாகவே சமைத்துக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டாள். மறுநாளும் கேட்டார். ஆலயத்துக்கு மட்டும் வரவில்லை.

இப்படி மனமொடிந்து இருந்தபோதுதான், வியாழக்கிழமை தெருவில் இத்வால் எதிர்ப்பட்டு, "கெத்தின் போயிட்டான். பாவம் நெரிஸ், இனி அந்த வீட்ல தனிமரம்" என்று சொல்லிவிட்டுத் தொப்பியைக் கழற்றினார். நெரிஸ் கடைசி வீட்டு அம்மா, எங்கள் ஆலயத்தில் பார்த்ததே இல்லை. ஆனாலும் சாவு வீடு சாவு வீடுதானே! அண்டையில் சாவு விழுந்தால் ஊரே போய் உட்கார்ந்து பாடுகிற ஜனம் நாம். இங்கேயோ தெருவில் ஒரு கதவு திறக்கவில்லை. ரெம்புயி தேயிலையும் சர்க்கரையும் எடுத்துக்கொண்டாள். இறந்தவர்மேல் போர்த்த, கல்யாணத்துக்கு அவள் அம்மா நெய்து கொடுத்த புவான் துணியையும் எடுத்துக்கொண்டாள். நான் மேளத்தை எடுத்தேன். வாசலிலேயே துக்கப்பாட்டை ஆரம்பித்துவிட்டோம்.

நெரிஸ் கதவைத் திறந்தார். "யாரு நீங்கல்லாம்?"

"கெத்தினுக்காக வந்திருக்கோம்மா" என்றாள் ரெம்புயி.

அந்த அம்மா எங்களையும் மேளத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு விலகி வழிவிட்டார். உள்ளே ஒரு கூடை. மால்சோமி முதலில் எட்டிப் பார்த்து என் சட்டையை இழுத்தாள். "அப்பா, மெதுவா அடி. அது நாய்."

அண்ணே, சத்தியமாகச் சொல்கிறேன், மேளம் என் கையில் கல்லாய் நின்றது. ஆனால் உங்கள் தம்பி மனைவி இருக்கிறாளே, கண் இமைக்கவில்லை. முழங்கால் போட்டு, அந்தப் புவானை விரித்து, கழுத்து வரைக்கும் போர்த்திவிட்டாள். "எத்தனை வருஷம் கூட இருந்துச்சு?" என்று கேட்டாள். அவ்வளவுதான், நெரிஸ் உடைந்து அழுதார். "எம் புருஷன் செத்தப்பகூட யாரும் இப்படி வீட்டுக்கு வந்து பாடலைம்மா. ஏன் நிறுத்திட்டீங்க, பாடுங்க!" என்றார். பாடினோம். என்ன சத்தமென்று தெருக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள், கெத்தினைத் தெரியாதவர் யாரும் இல்லையாம், ஒவ்வொருவராக உள்ளே வந்தார்கள், நூடுல்ஸ்காரர் மண்வெட்டியோடு வந்து தோட்டத்தில் குழி வெட்டினார். நெரிஸ் அழுதுகொண்டே சிரித்து, அது யார் யார் செருப்பைக் கடித்தது என்று ஒவ்வொருவரையும் காட்டிக் கதை சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை நடந்ததுதான் அற்புதம்! நெரிஸ் முன்னால் வர, பின்னால் முப்பது பேருக்குக் குறையாமல் ஆலயத்துக்குள் நுழைந்தார்கள். "நாப்பது வருஷமா இந்த வாசப்படிய மிதிச்சதில்ல. மேளத்த எடுப்பா!" என்றார். நாலு குரலாகப் பிரிந்து அவர்கள் பாடிய பாட்டில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. காது மிஷின் அம்மா மிஷினைத் திரும்ப மாட்டிக்கொண்டார். இத்வால் பாட்டுப் புத்தகம் போதாமல் அங்குமிங்கும் ஓடினார், ஆராதனை முடியும் முன்பே வெளியே போய்க் கம்பளக்காரனிடம், "வேற இடம் பாத்துக்கப்பா" என்று போனில் சொல்லிவிட்டார். ஓட்டெடுப்பு கிடையாது!

ஆகவே இதை மிஷன் கூட்டத்தில் ஒரு வரி விடாமல் வாசியுங்கள். தெய்வ பயமற்றிருந்த ஒரு தெருவே திரும்பியது என்று அறிக்கையில் எழுதுங்கள். "ஏதாவது பண்ணி வைப்பான்" என்றீர்களே, பண்ணிவிட்டேன்!

அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் மூவரின் அன்பு. உங்கள் மேசையில் சோறும் உங்கள் வாயில் பாட்டும் குறையாதிருப்பதாக.

கர்த்தருக்குள் உங்கள் தம்பி,
லியன்ஸாமா

பின்குறிப்பு: வாசிக்க வேண்டாம். அறிக்கையிலும் எழுத வேண்டாம். உறையை ஒட்டப் போகும்போது ஒரு போதகர் வந்தார். மூலைத் தெருவில் பாப்டிஸ்ட் ஆலயம் ஒன்று இருக்கிறதாம். நெரிஸ் அங்கே நாற்பது வருஷமாக ஆர்கன் வாசிக்கிறாராம், ஒரு ஞாயிறும் தவறியதில்லையாம். கூட வந்த முப்பது பேரும் இந்தப் போதகருடைய சபையார்தான். போன ஞாயிறு அவர் வெறும் பெஞ்சுக்குப் பிரசங்கித்திருக்கிறார். "என் ஜனங்களத் திருப்பிக் குடுங்க, இல்லன்னா நீங்க அங்க வாங்க" என்றார். நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே ரெம்புயி சம்மதம் சொல்லிவிட்டாள். ஆக, ஒரு வாரம் அவர்கள் இங்கே, ஒரு வாரம் நாங்கள் அங்கே. வருகிற ஞாயிறு பத்து மணிக்கு, பிரஸ்பிட்டேரியன் மூப்பரின் தம்பியாகிய நான் பாப்டிஸ்ட். ரெம்புயி லுங்லெய்யில் பிறந்த பாப்டிஸ்ட் பெண், என்னைக் கட்டிக்கொண்டதால் நம் சபைக்கு வந்தவள் என்பது உங்களுக்குத் தெரியும். காலையிலிருந்து அடுப்படியில் பாடிக்கொண்டிருக்கிறாள். கல்யாணமான நாள் முதல் அவள் இவ்வளவு உரக்கப் பாடி நான் கேட்டதே இல்லை, அண்ணே.