பெண் பிள்ளை என்பதற்காகச் சொல்லவில்லை

வாசகரே, மலைநாட்டுப் பாடசாலைகளில் அக்கறைக்காரர் என்றொரு இனம் உண்டு. குளிருக்கு வாடாது, இடமாற்றத்துக்கு அசையாது. 'பெண் பிள்ளை என்பதற்காகச் சொல்லவில்லை' என்று பேச்சைத் தொடங்கும். அதற்காக மட்டுமே சொல்லும். எங்கள் லிந்துலைப் பக்கத்தில் இந்த இனத்துக்கு நல்ல மாதிரி, கணிதம் கற்பிக்கும் மரியநாயகி டீச்சர்.

டீச்சரைக் கெட்டவர் என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். பனியில் நடந்துவரும் பிள்ளைக்குத் தம் பிளாஸ்க்கிலிருந்து இஞ்சித் தேநீர் ஊற்றிக் கொடுப்பார். பிறகு கரும்பலகைக்கு ஜூட்சன் என்ற பையனை அழைப்பார், அவன் தப்பாகச் செய்வான், “மூளை இருக்கு, வெளையாட்டுப் புத்தி” என்று தட்டிக்கொடுப்பார், அதே கணக்கை அதே வகுப்பு நிலக்ஷி சரியாகச் செய்து நீட்டினால், “கையெழுத்து முத்து மாதிரி இருக்கு” என்று பாராட்டி, கணித தின விழாவுக்குக் கோலம் போட அனுப்பிவிடுவார். புள்ளி வைப்பதும் கணக்குத்தானே என்கிறீர்களா? அதை யார் யோசித்தார்கள்.

இந்த ஆண்டு டீச்சரின் பாடசாலையில், பல்கலைக்கழகத்துக்கு வழிவிடும் உயர்தர வகுப்பில் கணிதப் பிரிவு தொடங்க அனுமதி கிடைத்தது. போதிய பிள்ளைகள் சேர்ந்தால் வகுப்பு, சேராவிட்டால் இல்லை. பதினோராம் வகுப்புச் சாதாரண தரப் பரீட்சையில் கணிதத்துக்கு ஏ எடுத்த நிலக்ஷிக்குப் பொறியியல் படிக்க ஆசை. ஹட்டன் நகரத்துக்குப் போய்ப் படிக்க வீட்டில் வழியில்லை. இந்த வகுப்பை விட்டால் வேறு வகுப்பில்லை.

“பொம்பளப் புள்ளன்னு சொல்லல மகள்,” என்றார் டீச்சர். “கணக்கு எடுத்தா ராப்பகலா மண்டைய ஒடைக்கணும். ஆர்ட்ஸ் எடுத்தா லேசா டீச்சரா வந்துரலாம்.”

“நீங்க கணக்குத்தானே படிச்சீங்க டீச்சர்?”

“நான் வேற, மகள்.”

எப்படி வேறு? நிலக்ஷி கேட்கவில்லை. நல்ல பிள்ளை. “டீச்சரே சொல்றாங்க,” என்று அப்பா செல்லசாமியும் தலையாட்டினார். ஏ எடுத்த மற்றப் பெண்களையும் டீச்சர் இப்படியே ஒவ்வொருவராகக் கலைப் பிரிவில் கரைசேர்த்துவிட்டு, கணித வகுப்பைப் பையன்களுக்காகக் கூட்டித் துடைத்து வைத்திருந்தார். பையன்களோ பரீட்சை முடிந்த கையோடு கொழும்புக் கடைகளுக்கு வேலைக்குப் போயிருந்தார்கள். ஜூட்சனும்தான். ஒருவரும் திரும்பி வரவில்லை. வகுப்பு தொடங்கவில்லை.

பெற்றோர் கூட்டத்தில் டீச்சர் மனம் நொந்து பேசினார். “நம்ம புள்ளைங்களுக்குக் கணக்குல ஆசையே இல்லங்க.” நிலக்ஷி வந்தவர்களுக்குத் தேநீர் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் உங்கள் மகள் கணக்கில் தொண்ணூறு எடுத்துவந்த அன்று, “யாரு சொல்லிக்குடுத்தா?” என்றுதானே முதலில் கேட்டீர்கள்? மகனிடம் அப்படி ஒரு நாளாவது கேட்டதுண்டா?