மூன்று பேர் இருக்கும் வீட்டில் நாலாவது இடம்

கிளப்பில் அவரைப் புள்ளி என்று கூப்பிடுவார்கள். பெரும்புள்ளி என்று நினைத்துவிடாதீர்கள், வெறும் புள்ளி. கால்பந்துக் கிளப்பில் புள்ளிவிவரம் எழுதுகிறவர், அதனால் வந்த பெயர். பதினோரு பேர் மைதானத்தில் வியர்வை சிந்த, இவர் மேல் வரிசையில் நிழலாகப் பார்த்து உட்கார்ந்து, யார் எத்தனை தடவை பந்தைத் தொட்டார், யார் எத்தனை தடவை எதிராளியிடமிருந்து பறித்தார் என்று எண்ணுவார். அதற்கென்று உள்ளங்கையில் அடங்குகிற சின்ன டப்பா உண்டு. ஒரு அமுக்கு அமுக்கினால் டிக் என்று ஒரு எண் ஏறும். எல்லாவற்றையும் கூட்டி, ஆடிய ஆட்டங்களின் எண்ணிக்கையால் வகுத்தால் அந்த ஆட்டக்காரரின் பயன் எண். இந்தப் பயன் எண் அவரே கண்டுபிடித்தது. பெற்ற பிள்ளை மாதிரி அதைச் சொல்லிக்கொள்வார்.

இப்படி எண்ணிக்கொண்டு நிம்மதியாக இருந்த மனுஷனைத்தான் ஒரு திங்கட்கிழமை பயிற்சியாளர் கூப்பிட்டார். அணி தோற்றுக்கொண்டே இருக்கிறது, ஒருவரை எடுத்தே ஆக வேண்டும், சனிக்கிழமை காலை பத்து மணிக்குள் பயன் எண் பட்டியல் மேஜைக்கு வரட்டும், கடைசியில் இருப்பவர் யாராக இருந்தாலும் வெளியே என்று சொல்லிவிட்டார்.

செவ்வாய்க்கிழமை மதியம் புள்ளி பட்டியலைப் போட்டு முடித்தார். முதல் இடத்தில் வலது பக்கம் எதிராளிகளைத் தடுக்கிற காவல்காரன், ரசிகர்கள் சூறாவளி என்று கத்துவார்களே, அவன். பயன் எண் எண்பத்தெட்டு. கடைசி இடத்தைப் பார்த்ததும் புள்ளி கூட்டலை மறுபடி போட்டுப் பார்த்தார். இடது பக்கக் காவல்காரன். பயன் எண் பதினொன்று. நின்ற இடத்திலேயே நிற்பதால் அவனுக்குத் தூண் என்று பெயர். தூணுக்கு இன்னொரு பெயரும் உண்டு, மச்சான். மனைவியின் கூடப் பிறந்த தம்பி. இவர் வீட்டுப் பின்னறையில்தான் இருக்கிறான்.

மச்சான் என்றால் சும்மா வந்து தங்கிச் சாப்பிட்டுப் போகிற மச்சான் இல்லை. தாயில்லாத தம்பியைப் அவனுடைய பதினாலு வயதிலிருந்து வளர்த்தவள் இவர் மனைவி. அவனும் வீட்டில் எது கழன்றாலும் திருகுவான், எது ஒழுகினாலும் அடைப்பான். பக்கத்து வீட்டில் திருடு போன மறுநாளே வாசல் கதவுக்குப் புதுப் பூட்டு வாங்கி மாட்டியவனும் அவன்தான். இந்த அணியில் இடம் கிடைக்க அவன் நாலு வருஷம் காத்திருந்தான். கிடைத்த அன்று அக்கா அழுததை இவரே பார்த்தார்.

எண்ணை மாற்றி எழுதலாமா என்றால் அதற்கும் தைரியம் இல்லை. இவருக்கு முன்னால் இருந்தவர் தன் அக்கா மகனுக்கு இரண்டு கோல் கூட்டி எழுதி, அன்று மாலையே குடையும் டிபன் பாக்ஸுமாக வீட்டுக்கு அனுப்பப்பட்டவர். ஆகவே புள்ளி ஒரு மகத்தான முடிவெடுத்தார். வீட்டில் மூச்சு விடக் கூடாது. சனிக்கிழமை பயிற்சியாளர் வாயால் சேதி வரட்டும். வந்ததும் தானும் அதிர்ச்சி அடைந்துவிட வேண்டியது. கிளப் கழிவறைக் கண்ணாடி முன் நின்று இரண்டு தடவை அதிர்ச்சி அடைந்து பார்த்தார். இரண்டாவது நன்றாகவே வந்தது.

பட்டியலைப் பத்திரமாகச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். சட்டையைக் கழற்றி அழுக்குக் கூடையில் போட்டார். பட்டியல் நினைவுக்கு வந்தது புதன்கிழமை காலையில், வாஷிங் மெஷின் கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தபோது.

ஓடிப் போய்ப் பார்த்தால் பட்டியல் மெஷினுக்குள் இல்லை. சாப்பாட்டு மேஜைமேல் மடிப்புக் கலையாமல் இருந்தது. மடித்தது மடித்தபடி இருக்கிறதே, படித்திருக்க மாட்டாள் என்று தன்னைத் தேற்றிக்கொண்டார். அதே நேரம் மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "நீங்க இப்ப சாப்பிட வரீங்களா, தட்டு வைக்கலாமா?" என்று கேட்டாள்.

இதில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். அவளுக்குக் கோபம் வந்தால் சத்தம் வராது, மரியாதை வரும். சாதாரண நாளில் "என்னங்க, ஆறுது" என்பதோடு சரி. தட்டு வைக்க அனுமதி கேட்டாள் என்றால் விஷயம் பெரிது.

அவளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கிளப் மைதானத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு நீச்சல்குளம் இருக்கிறது. அங்கே கரையில் உயரமான நாற்காலியில் உட்கார்ந்து, குளிப்பவர்கள் முங்கிப் போகாமல் பார்த்துக்கொள்வது அவள் வேலை. "பதினோரு வருஷமா ஒருத்தரும் முங்கலையே, அப்புறம் உன்னை எதுக்கு வெச்சிருக்காங்க?" என்று ஒருமுறை இவர் கேட்டுவிட்டார். அவள் சிரித்தாள். எந்த வகைச் சிரிப்பு என்று இவர் எண்ணி வைக்கவில்லை.

அந்தப் புதன்கிழமையே ஆரம்பித்தது டிக் சத்தம். மேஜை இழுப்பறையில் கிடந்த இவருடைய பழைய டப்பாக்கள் நாலும் சமையலறைச் சுவரில் ஆணியில் வரிசையாகத் தொங்கின. பச்சை, நீலம், மஞ்சள், சிவப்பு. மனைவி அடுப்பைப் பற்றவைத்தால் பச்சையை அமுக்கினாள். தம்பி பாத்திரம் கழுவி வைத்தான், நீலம் டிக் என்றது. நடுவில் எப்போதாவது மஞ்சள். இவர் காதுபட சிவப்பு வாயே திறக்கவில்லை.

என்ன எண்ணுகிறாய் என்று கேட்கலாம்தான். கேட்டால், நீங்க என்ன எண்ணினீங்க என்று திருப்பிக் கேட்டுவிட்டால்? புள்ளி கேட்கவில்லை. தனியாக உட்கார்ந்து யோசித்தார். சிவப்பு தன்னுடையதுதான் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. சிவப்பு என்றால் தப்பு. தான் ஏதாவது ஏடாகூடமாகச் செய்யும்போது அமுக்கக் காத்திருக்கிறாள். அப்படியானால் எதையும் செய்யாமல் இருப்பதுதான் புத்திசாலித்தனம்.

அன்றிலிருந்து மனுஷன் கை காலை அசைக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். குடித்த டம்ளரை எடுத்து வைத்தால் ஒருவேளை கை தவறி உடையுமோ என்று அங்கேயே விட்டார். கதவு மணி அடித்தபோது எழுந்திருக்கலாமா வேண்டாமா என்று அவர் யோசித்து முடிப்பதற்குள் மச்சான் போய்த் திறந்தான். நீலம் டிக். சிவப்பு அமைதியாக இருந்தது. தப்பித்தோம் என்று புள்ளி மூச்சு விட்டார்.

வியாழக்கிழமை மாலை மச்சான் வாசல்படியில் உட்கார்ந்து பூட்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தான். தலை நிமிராமலே கேட்டான்.

"மாமா, சனிக்கிழமை ஒருத்தரை எடுக்கறாங்களாம். யாருன்னு ஏதாவது தெரியுமா?"

"அதெல்லாம் மேலிடத்து விஷயம். எனக்கென்ன தெரியும்."

"நானா இருக்காதுல்ல?"

அவன் துடைத்த பூட்ஸையே மறுபடி துடைத்தான். புள்ளிக்கு வெட்கமாக இருந்தது. காபியைப் பாதியில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார், டம்ளரை எடுக்காமல்.

வெள்ளிக்கிழமை மாலை வீட்டுக்கு வந்தால் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. கட்டம் போட்டு, கோடு கிழித்து, அசலாக இவர் போடும் பட்டியல் மாதிரியே. தலைப்பு, வீட்டில் பயன் எண், புதன் முதல் வெள்ளி வரை. முதல் இடம் மனைவி, இருநூற்றுப் பன்னிரண்டு. இரண்டாம் இடம் தம்பி, அறுபத்தொன்று. மூன்றாம் இடம் வாஷிங் மெஷின், ஒன்பது. நாலாவது இடத்தில் இவர் இருந்தார். நாலு. இவர் காதில் விழாமல் சிவப்பு டிக் என்ற அந்த நாலுக்கும் கீழே விவரம் இருந்தது. மின்விசிறி போட்டது இரண்டு, செய்தித்தாளை மடித்தது ஒன்று, ஈயை அடிக்கப் போனது ஒன்று. ஈ தப்பிவிட்டது, முயற்சிக்காகச் சேர்க்கப்பட்டது என்று அடைப்புக்குறிக்குள் எழுதியிருந்தாள்.

மூன்று பேர் இருக்கும் வீட்டில் நாலாவது இடம். புள்ளி அந்தத் தாளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"உங்க முறைப்படிதான் போட்டேன்," என்றாள் அவள் மிகுந்த மரியாதையோடு. "கடைசி ஆளை என்ன பண்றதுன்னு யோசிச்சேன். கூடத்தில செருப்பு மாட்ட ஒரு பெஞ்ச் இருக்கே, இன்னிலேர்ந்து நீங்க அதுல படுத்துக்கறீங்களா? தலையணை வேணும்னா தரேன்."

அந்த பெஞ்ச் ஒரு முழ அகலம். அதில் படுத்தால் புரள முடியாது. இவருக்கோ முதுகுவலி. அதைவிட, ஒரு தப்பான முறையால் தன்னைக் கவிழ்க்கிறார்களே என்ற ரோஷம் வந்தது. தொழில் தெரிந்தவர் இல்லையா.

"இது அநியாயம்மா. முறையே தப்பு."

"அப்படிங்களா? எங்க தப்பு?"

"நான் செஞ்சதை மட்டும்தானே எண்ணியிருக்கே? நான் இருக்கறதால எது நடக்கலைன்னு எண்ணினியா?"

"புரியலைங்க."

"பக்கத்து வீட்டில திருட்டு. எதிர்வீட்டில திருட்டு. நம்ம வீட்டில?"

"இல்லை."

"ஏன்? இந்த வீட்டில ஒரு ஆம்பளை நாற்காலியில உட்கார்ந்திருக்கான்னு திருடனுக்குத் தெரியும். அவன் வரவே இல்லை. வராதவனை நீ எப்படி எண்ணுவே?"

மனைவி கன்னத்தில் கை வைத்துக்கொண்டு யோசித்தாள். யோசிப்பதைப் பார்த்ததும் புள்ளிக்கு உற்சாகம் பிய்த்துக்கொண்டு போனது. எழுந்து நின்றார். மூன்று நாளில் முதல் தடவையாகக் கையை ஆட்டிப் பேசினார். ஒருவன் எத்தனை தடவை தொட்டான் என்பதை வைத்து அவன் பயனை அளப்பது அரைகுறை வேலை என்றார். அவன் நிற்கிறான் என்பதாலேயே எதிராளி எத்தனை தடவை அந்தப் பக்கம் தலைகாட்டாமல் போனான் என்று பார்க்க வேண்டும் என்றார். சும்மா நிற்கிற மாதிரி தெரிகிறவன்தான் சில சமயம் மொத்த வீட்டையும் தாங்குகிறவன் என்று சொன்னபோது அவருக்கே கண் கலங்கியது.

"அடடா, இவ்வளவு விஷயம் இருக்கா," என்றாள் அவள். "எனக்கு மறந்து போயிடும். அப்படியே ஒரு தாள்ல எழுதிக் கொடுங்களேன்."

எழுதிக் கொடுத்தார். எடுப்பாக இருக்கட்டும் என்று கையெழுத்தும் போட்டார், தேதியும் போட்டார். அவள் அதை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, "சரிங்க, கட்டில்லயே படுத்துக்கோங்க," என்றாள். ஜெயித்துவிட்டோம் என்று புள்ளி நம்பினார்.

சனிக்கிழமை காலை ஒன்பதே முக்காலுக்குப் பட்டியலோடு பயிற்சியாளர் அறைக்குப் போனார். அதிர்ச்சி முகத்தை மாலைக்காகத் தயாராக வைத்திருந்தார். உள்ளே போனால் அதற்கு அவசியமே இல்லாமல் போயிற்று, நிஜமாகவே வந்துவிட்டது. பயிற்சியாளர் கையில் இருந்தது நேற்று அவர் எழுதிக் கொடுத்த தாள்.

"குளத்துக்குப் போற வழியில உங்க வீட்டம்மா கொடுத்துட்டுப் போனாங்க," என்றார் பயிற்சியாளர். "இது உங்க எழுத்துதானே?"

கையெழுத்தும் தேதியும் இருக்கும்போது என்னவென்று சொல்வது. ஆமாம் என்றார்.

"இந்தக் கையில இருக்கிறது?"

பட்டியல் என்றார். பயிற்சியாளர் அதை வாங்கி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். தப்பான பட்டியலையும் போட்டு, அது தப்பு என்று நிரூபிக்கும் கடிதத்தையும் ஒரே ஆள் எழுதி இப்போதுதான் பார்க்கிறேன் என்றார். பிறகு இதுவரை ஆடிய எட்டு ஆட்டங்களின் வீடியோப் பதிவுகளையும் போடச் சொன்னார். எதிராளிகள் எந்தப் பக்கமாக எத்தனை தடவை வந்தார்கள் என்று எண்ணச் சொன்னார்.

புள்ளி டப்பாவை எடுத்து எண்ணினார். டிக், டிக் என்று வலது பக்கம் ஏறிக்கொண்டே போயிற்று. வலது பக்கமாகத் தொண்ணூற்று நாலு. இடது பக்கமாகப் பதினேழு. தூண் நின்ற பக்கம் எவனும் லேசில் போகத் துணியவில்லை. போகாததால் அவனுக்குப் பறிக்கப் பந்தே இல்லை. சூறாவளி பக்கம் வழி அகலத் திறந்து கிடந்ததால் எல்லாரும் அங்கேயே போனார்கள். அவன் பந்துக்கும் ஆளுக்கும் ஓடி ஓடிப் பயன் எண் எண்பத்தெட்டாக ஏறியிருந்தது. அணி வாங்கிய பத்தொன்பது கோலும் அந்தப் பக்கம்தான்.

முதல் இடத்தில் இருந்தவன் வெளியே போனான். கடைசி இடத்தில் இருந்த மச்சான் உள்ளேயே இருந்தான். புள்ளிக்கு அழுகை வராத குறைதான். மச்சான் தப்பித்தான், வேலையும் தப்பித்தது, வீடும் தப்பித்தது. கும்பிடு போட்டுவிட்டுக் கிளம்பியவரைப் பயிற்சியாளர் நிறுத்தினார்.

"எழுத்து உங்களுது. சரி. இதை எழுத வெச்சது யாரு?"

புள்ளி டப்பாவைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். குளத்தங்கரையில் பதினோரு வருஷமாக எதுவும் நடக்காமல் பார்த்துக்கொள்கிறவருக்குத்தான் இதெல்லாம் தெரியும் என்று பயிற்சியாளரே சொல்லிக்கொண்டார். அடுத்த ஆட்டத்திலிருந்து அந்த அம்மா தன் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கட்டும், டப்பாக்களைப் புள்ளி தூக்கிக்கொண்டு வரட்டும் என்று ஏற்பாடாயிற்று.

வீட்டுக்கு வந்தபோது மச்சான் இவரைக் கட்டிப்பிடித்தான். "நீங்க எழுதினதாலதான் மாமா," என்றான். அவன் உண்மையாகவே அப்படித்தான் நம்பினான். மனைவி எதையும் மறுக்கவில்லை. "என்னங்க, ஆறுது," என்றாள். மரியாதை போய்விட்டது என்று தெரிந்ததும் அவருக்கு நாலு நாளுக்குப் பிறகு பசித்தது.

சாப்பிட்டு முடித்தார். தானே தட்டைக் கழுவி வைத்தார். சிவப்பு டப்பாவின் பக்கம் ஓரக்கண்ணால் பார்த்தார். பிறகு மெல்லத் தொண்டையைச் செருமிக்கொண்டு, கிளப்பில் புது முறை வந்துவிட்டது, வீட்டிலும் பழைய பட்டியலை எடுத்துவிட்டுப் புது முறைப்படி போட்டால் நியாயமாக இருக்கும், திருடன் வராததை எல்லாம் சேர்த்தால் மெஷினையாவது தாண்டிவிடலாம் என்று சொன்னார்.

"காலையிலயே போட்டு ஒட்டிட்டேனே, பார்க்கலையா?" என்றாள்.

ஆசையாகப் போய்ப் பார்த்தார். மனைவி, தம்பி, வாஷிங் மெஷின், மூன்றும் அதே இடத்தில் இருந்தன. திருடன் வராததற்கான எண்ணும் நியாயமாகச் சேர்க்கப்பட்டிருந்தது. நாலாவது இடத்தில் வாசல் கதவுப் பூட்டு இருந்தது. இவர் ஐந்தாவது.