ஸ்தூபி மாமாவின் கருவாட்டுக் குழம்பு

இந்தியாவிலுள்ள போர் நினைவுச் சின்னங்களுக்கெல்லாம் நெத்திலிக் கருவாட்டு வாசனையைக் கொண்டுபோய்ச் சேர்த்த ஒரே மனிதர் எங்கள் ஸ்தூபி மாமாதான். வேறு யாராவது இருந்தால் எழுதுங்கள், நான் பத்தி எழுதுவதையே விட்டுவிடுகிறேன்.

கடலூர் முதுநகர்க்காரர். சிதம்பரத்திலிருந்து காசிக்கு டூர் பஸ் விட்டுக்கொண்டிருந்தார். நோட்டீசில் காசி, கயா, ஹரித்துவார் என்றுதான் போட்டிருக்கும். ஏறி உட்கார்ந்த பிறகுதான் விஷயம் தெரியும். வழியில் எந்த ஊரில் ராணுவ நினைவுத்தூண் இருந்தாலும் வண்டி அங்கே நிற்கும். "இங்க ஸ்தூபி எங்கப்பா இருக்கு?" என்று தெலுங்கு டீக்கடைக்காரரிடமும் தமிழிலேயே கேட்பார். அப்படி வந்த பெயர்தான் அது.

2007இல் மனைவியோடும் மாமியாரோடும் நானும் போய் மாட்டினேன். முதல் ஸ்தூபியிலேயே மாமியார் செருப்பைக் கழற்றிவிட்டு மூன்று சுற்று சுற்றிக் கும்பிட்டார்.

"எந்த சாமி மாப்ள இது?"

"சாமி இல்ல அத்தை. சண்டையில செத்துப்போன சிப்பாய்ங்களுக்குக் கட்டுனது."

"செத்தவுங்களா? மொதல்லயே சொல்ல மாட்டீங்களா? குளிக்கணுமே."

அவரைப் பார்த்துப் பாதி பஸ் குழாயடிக்கு ஓடியது. எல்லோரும் தீட்டுக் கழித்துத் தலை துவட்டி ஏறுவதற்குள் மத்தியானம் ஆகிவிட்டது.

அது பரவாயில்லை. வெங்காயம்கூட வேண்டாம் என்று விரதமிருக்கும் கூட்டத்துக்கு நடுவே மாமா கருவாட்டுக் குழம்பு வைப்பார். சமையல்காரர் அடுப்பைத் தரமாட்டேன் என்றதால், தள்ளிப் போய் மூன்று கல்லைக் கூட்டிச் சமைப்பார். ஸ்தூபிக்கு எதிரே இலை போட்டு, சோறும் குழம்பும் வைத்து, கற்பூரம் கொளுத்தி, "கா... கா..." என்று கூப்பிடுவார். காக்கா வருவதற்குள் காவல்காரர் தடியோடு வந்துவிடுவார்.

என் மாமியார் மூக்கைப் பொத்திக்கொண்டே சண்டைக்குப் போனார். "காசிக்குப் போற வழியில என்னாங்க இந்த அநியாயம்?"

மாமா கோபப்படவில்லை. "எந்தம்பி மிலிட்டரில இருந்தாம்மா. பனி சரிஞ்சி செத்துட்டான், உடம்பு கெடைக்கல. பட்டாளத்துக்குப் போவாதன்னு நான் கண்டபடி திட்டுனேன். அவனுக்குப் புடிச்ச நெத்திலிக் கொழம்பு ஊத்தி எல போட்டு வெச்ச சோத்தத் தொடாமயே ரயில் ஏறிட்டான். ஊர்ல சமாதியும் இல்ல, நான் எங்க போய்ப் படைக்கிறது?"

"அதுக்கு ஏதாவது ஒரு ஸ்தூபியில படைச்சா போதாதா?" என்றேன் நான்.

"பட்டாளத்துக்காரன் ஒரே ஊர்லயா சார் இருப்பான்? போஸ்டிங் மாத்திக்கிட்டே இருப்பாங்களே."

ஆனால் ஊர் ஊராகப் படைத்தும் ஒரு காக்காகூட இலையில் வாய் வைக்கவில்லை. வடக்கத்திக் காக்காவுக்குக் கருவாடு பழக்கமில்லை என்று கிண்டல் செய்து பார்த்தேன். மாமா சிரிக்கவில்லை. "கோவம் இன்னும் ஜாஸ்தியாதான் இருக்கு அவனுக்கு" என்று சொல்லிவிட்டு இலையை மடித்தார்.

கடைசியாக வடக்கே ஒரு ராணுவ ஊர். வழக்கம்போல இலை, வழக்கம்போல "கா... கா...". டியூட்டி முடிந்து போய்க்கொண்டிருந்த ஒரு இளம் சிப்பாய் எங்களைப் பார்த்து நின்றான். விரட்டப்போகிறான் என்று நான் இந்தியில் மன்னிப்புக் கேட்கத் தயாரானேன்.

"நெத்திலியாண்ணே?" என்றான் அவன். விழுப்புரம் பக்கமாம். ஊருக்குப் போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறதாம். கண் இலையைவிட்டு நகரவில்லை.

மாமா குழம்பிப்போய் வானத்தைப் பார்த்தார். காக்கா எடுக்காமல் படையலில் எப்படிக் கைவைப்பது? என் மாமியாருக்குத்தான் பொறுக்கவில்லை.

"பசியோட புள்ள நிக்குது, நீங்க காக்காவத் தேடறீங்களே. உக்காரச் சொல்லுங்க."

உட்கார்ந்தான். தலை நிமிராமல் சாப்பிட்டான். பாதியில், "இன்னும் கொஞ்சம் சோறு இருக்குமாண்ணே?" என்றான். மாமா மிச்சச் சோற்றையெல்லாம் வழித்துப் போட்டார். நான்தான் சட்டியைப் பிடித்துக்கொண்டேன்.

பஸ் கிளம்பியதும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"மறுசோறு கேட்டு வாங்கிச் சாப்புட்டான் சார்" என்றார்.

"ஆமா மாமா, வயிறாரச் சாப்புட்டான்" என்றேன். அதுவரை அவரை நான் மாமா என்று நேரில் கூப்பிட்டதில்லை. காசியில் என்ன பார்த்தாய் என்று யாராவது கேட்டால், இன்றும் எனக்கு முதலில் வருவது அவர் முகம்தான்.